ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், அவளுடைய இடது முழங்காலையும் என் மூக்கையும் விட்டுவிட்டுச் சொன்னால். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், வாண்டுப்பயல் நேற்று இருமாமல் தூங்கினான் என்கிற சேதி தினமும் உன்னிடமிருந்து வர வேண்டும், அதற்குமேல் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூக்கு என்று எழுதினேன் இல்லையா, அந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை. எனக்கு வாசனை தெரியாமல் போய் ஆறு வருஷம் ஆகிறது. முப்பது வருஷம் தின்னரிலும் டர்பன்டைனிலும் குளித்த மூக்கு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடிவிட்டது. உன் அம்மாவிடம் சொன்னால் பெயிண்ட் வேலையை விடு என்பாள், அதனால் சொல்லவில்லை. தினமும் வீட்டுக்குள் நுழையும்போதே ஆகா, வாசம் ஆளைத் தூக்குதே என்று சொல்லிக்கொண்டேதான் நுழைவேன். ஒருநாள் அப்படிச் சொன்னபோது அடுப்பே பற்றவைக்கவில்லை, கேஸ் தீர்ந்து போயிருந்தது. உன்னைப் பார்த்தவுடன் பசி வந்துவிட்டது என்று சமாளித்தேன், அதற்கு அவள் வெட்கப்பட்டாள், அந்தப் பாவமும் என் தலையில்தான் இருக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், உனக்கு வீடு பார்க்க அனுப்பப்பட்ட ஆள் மூக்கில்லாத ஆள் என்பது உனக்குத் தெரிய வேண்டும். வருகிற வியாழக்கிழமை நீ அந்த வீட்டை வாங்க வக்கீல் பெயருக்கு எழுதின பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பப் போகிறாய். போடாதே. போனில் மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் நீ சிரித்தாய். தப்பு உன்மேல் இல்லை. முதல் தடவை வீடு பார்த்துவிட்டு வந்தபோது நான்தான் அந்த வீட்டில் பேய் இருக்கிறது, ஆனால் வாடகை கொடுக்காத பேய் என்றேன், இரண்டாம் தடவை, குளியலறை எவ்வளவு சின்னது என்றால் வெளியே நின்று சோப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கழுவ வேண்டும் என்றேன். அப்புறம் நிஜமாகவே ஒன்றைச் சொல்ல வந்தால் யார் நம்புவார்கள், நான் பேச வாயைத் திறக்கும்போதே உனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். தாளில் இருந்தால் என் குரல் உனக்குக் கேட்காது. இப்போது நான் பேங்க் கட்டடத்து வேலையில் சாப்பாட்டு இடைவேளையில் இருக்கிறேன், கவிழ்த்த பெயிண்ட் வாளிதான் மேசை, எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, கொஞ்சம் பொறுமையாகப் படி.

நான் அந்த வீட்டை எப்படிப் பார்த்தேன் என்று முழுவதும் சொல்கிறேன், அப்போதுதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது உனக்குத் தெளிவாகும். வீட்டுக்காரர் ரிடையர் ஆன கணக்கு வாத்தியார், நல்ல மரியாதையான மனுஷர், ஞாயித்துக்கிழம காலைல வாங்க பெயிண்டர், அன்னைக்கிதான் நான் சும்மா இருப்பேன் என்றார். ரிடையர் ஆனவருக்கு எல்லாக் கிழமையும் சும்மாதானே என்று எனக்குத் தோன்றவில்லை. போனேன். விரல் முட்டியால் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தேன், பொக்கை இல்லை. மேல் மூலைகளில் ஈரம் ஊறின ஓதம் இல்லை. குழாயைத் திறந்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன், தண்ணீர் நிறம் மாறவில்லை. பின்பக்கம் வரிசையாக மரம், ஒரு சத்தம் இல்லை, குருவி கத்துகிறது. உன் அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள், அவளுக்கும் பிடித்துவிட்டது. மூன்று பக்கச் சுவரும் வெளியே சந்தன நிறம், பின்சுவர் மட்டும் கருஞ்சாம்பல் நிறம், அதைப் பார்த்துவிட்டு யாரோ ரசனைக்காரன் அடித்திருக்கிறான் என்று உன்னிடம் போனில் பெருமையாகச் சொன்னது நான்தானே. முப்பது வருஷம் இதே தொழிலில் இருக்கிறேன் அம்மாடி, ஒரு சுவருக்கு மட்டும் ஒருவன் ஏன் கருஞ்சாம்பல் அடிப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பின்னறை ஜன்னல் இரண்டும் பெயிண்ட் ஒட்டித் திறக்க முடியாமல் இருந்தன. கைப்பழக்கம் இல்லாத எந்தப் பயல் இப்படி அடித்தான் என்று திட்டிக்கொண்டே கத்தியால் கீறித் திறந்துவிட்டேன், வாத்தியார் சங்கடமாகச் சிரித்தார், கூலி கேட்பேனோ என்று பயப்படுகிறார் என நினைத்து, சும்மாதான் சார் என்றேன்.

அந்தப் பின்னறைதான் வாண்டுக்கு என்று நீ முடிவு செய்திருந்தாய். நீங்கள் வருவதற்குள் அதற்கு வான நீலம் அடித்து வைத்தால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும் என்று ஒரு ஆசை. வாத்தியார் சரி என்றார், அதற்கும் ஞாயித்துக்கிழம வந்தா வசதியா இருக்கும் என்றார். எனக்கு ஞாயிறு வேறு வேலை இருந்தது, போன செவ்வாய்க்கிழமை போனேன். அவர் இருமலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தார், சாவி எதிர்வீட்டுத் தையற்கார அம்மாவிடம் இருந்தது. பதினொரு மணிக்குள் ஒரு கோட்டிங் முடித்துவிட்டேன், கண்ணாடி மாதிரி வந்தது, காயட்டும் என்று இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்துவைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் நீலம் முழுக்க மிளகுத்தூள் தூவினது மாதிரி கறுப்புக் கறுப்பாக இருக்கிறது. பிரஷ்ஷில் அழுக்கு என்று நினைத்தேன். புது பிரஷ் எடுத்து, பெயிண்டை வடிகட்டி, அந்தச் சுவரில் மறுபடி அடித்தேன், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். என் கண்ணெதிரே வந்து ஒட்டுகிறது. பறந்து வருவது தெரியவில்லை, ஒட்டின பிறகுதான் தெரிகிறது. விரலால் தொட்டால் கண்மை மாதிரி இழுபடுகிறது. எழுந்து ஜன்னலில் பார்த்தேன், மரங்களுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதன்மேல் புகைக்குழாய், ஞாயிற்றுக்கிழமை நான் தண்ணீர்த் தொட்டிக் குழாய் என்று நினைத்த அதே குழாய், கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது.

தையற்கார அம்மாவிடம் ஓடினேன். பழைய டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிற இடமாம், திங்கள் முதல் சனி வரை ஓடும், காற்று இந்தப் பக்கம் அடிக்கிற ஆறு மாதம் இந்தத் தெரு முழுக்க ரப்பர் நாற்றமாம். ஏம்மா, காலைல சாவி குடுக்கும்போது ஒரு வார்த்த சொல்லக்கூடாதா என்றேன். அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள், நீங்க காலையிலேருந்து இந்த நாத்தத்துல நின்னுகிட்டு பாட்டு பாடிகிட்டு பெயிண்ட் அடிக்கிறீங்க, உங்ககிட்ட போயி என்னத்தச் சொல்ல, சரி, இவரு ஒருமாதிரியான ஆளு போலன்னு விட்டுட்டேன். பிறகுதான் நான் கண்ணைத் திறந்து தெருவைப் பார்த்தேன். ஒரு மொட்டைமாடியில்கூடத் துணி காயவில்லை, எல்லார் வீட்டிலும் துணி உள்ளேதான் தொங்குகிறது. பின்பக்க ஜன்னல் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. மரத்து இலையை விரலால் தேய்த்தால் மேலே கறுப்பு, அடியில் பச்சை. தெருமுனை மருந்துக் கடையில், குழந்தைகள் மூக்கில் வைத்து மருந்துப்புகை இழுப்பார்களே அந்த மாஸ்க், வேறு கடையில் பலூன் தொங்குகிற மாதிரி வாசலில் வரிசையாகத் தொங்குகிறது. இது இவ்ளோ போகுமா தம்பி என்று கேட்டேன். சின்ன சைஸ் மட்டும் ஸ்டாக் நிக்கமாட்டேங்குது சார் என்றான். அம்மாடி, நம் வாண்டுக்கு நான்கு வயது. அந்த வெளிநாட்டுக் குளிரும், அறையில் அடைத்த ஹீட்டர் காற்றும் ஒத்துக்கொள்ளவில்லை, நல்ல காற்று இருக்கிற இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னதால்தானே நீங்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வருகிறீர்கள். அந்தக் காற்றைத் தேடிக் கொடுக்கிற வேலையைத்தானே என்னிடம் கொடுத்தாய்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. உங்களுக்கு நாங்க உங்க கண்ணு முன்னாடியே இருக்கணும்ப்பா, ஒரு மணி நேர பஸ் தூரம்கூட ஆகாது, அதான் ஏதாவது சாக்கு சொல்றீங்க என்றாய். பொய் இல்லை, எனக்கு அந்த ஆசை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பார், இந்த வீடு இல்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. மாதக் கடைசிக்குள் அங்கே உன் வேலைக்கு மறுபடி மூன்று வருஷத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், வீடு அமையவில்லை என்றால் சம்மதம் சொல்லிவிடுவோம் என்று நீதானே சொன்னாய். ஆறு மாதக் குழந்தையாகத் தூக்கி அனுப்பினவனை இன்னும் மூன்று வருஷம் போனில்தான் பார்ப்போம். அப்போது அவனுக்கு ஏழு வயது, இந்தத் தாத்தா போனுக்குள் இருக்கிற ஆள் என்று நினைத்துக்கொள்வான், ஏற்கெனவே அன்றைக்கு உங்களுக்கு கால் இருக்கா தாத்தா என்று கேட்டான், நான் கேமராவைக் கீழே திருப்பிக் காட்டினேன். இந்த வீட்டை வேண்டாம் என்று சொல்வதால் எனக்கு என்ன லாபம் என்று நீயே சொல். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் இரண்டு மாதத்தில் அவன் என் மடியில் உட்கார்ந்திருப்பான். அவ்வளவு சுலபம். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, எங்கே நான் வாயை மூடிவிடுவேனோ என்று.

உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. நானும் பாத்தேன், நல்லாத்தானே இருந்துச்சு, அப்பிடியே கொஞ்சம் பொகை வந்தாலும் ஜன்னல சாத்திக்கலாம், இப்ப போயி அவகிட்ட ஏதாவது உளறி வரவிடாம பண்ணிடாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை வேலைக்குப் போகாமல் அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கி மூன்று அடி வைத்திருப்பாள், கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இருமுகிறாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னம்மா, அவ்வளவு நாத்தமா என்று கேட்கிறேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உங்களுக்கு நெஜமாவே தெரியலையா என்றாள். இல்லை என்றேன். எவ்ளோ நாளா என்றாள். ஆறு வருஷம் என்றேன். நடுத்தெருவில் அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு, அப்ப தெனமும் வாசம் ஆளத் தூக்குதுன்னு சொன்னது என்றாள். ருசி நிஜம்தான் என்று சொன்னேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள், என் மேல்தான் கோபம் என்று நினைத்து நானும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தேன். நம் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில் சொன்னாள், எழுதிடுங்க. அவங்க அங்கயே இருந்துக்கட்டும். புள்ள மூச்சு விட்டாப் போதும். வீட்டுக்கு வந்ததும் வாண்டுக்கென்று வாங்கி வைத்த சின்னப் போர்வையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்ததில்லை, உன் அம்மாவும் பார்த்ததில்லை, அவள் பயந்துபோய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

சரி, அழுதுகொண்டே இருந்தால் ஆகாது. அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்கிறேன், கேட்டால் நீ சிரிப்பாய், சிரி. முழங்கை நீள அட்டைகளுக்கு நீலம் அடித்து, ஈரமாகவே எடுத்துக்கொண்டு போய், வாடகைக்கோ விலைக்கோ வீடு இருக்கிற தெருக்களில் யாரையாவது கெஞ்சி பால்கனியில் தொங்கவிடுகிறேன், காய்ந்த பிறகு போய்ப் பார்க்கிறேன். இதுவரை ஒன்பது தெரு. லாரி போகிற மெயின்ரோட்டில் அட்டை செம்மண் நிறமானது. சாக்கடைப் பக்கத்துத் தெருவில் கொசுவாக ஒட்டி அட்டைக்கே மீசை முளைத்துவிட்டது. ஒரு தெருவில் என்னைக் கட்சி ஆள் என்று நினைத்து, எந்தச் சின்னம்ங்க என்று கேட்டார்கள். நம் வீட்டு பால்கனியிலும் மூன்று நாள் தொங்கவிட்டேன், ஞாயிறு ஒன்று, வேலை நாள் இரண்டு. ஒரு பூச்சியும் பக்கத்து வீட்டு நாயின் முடி ஒன்றும் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டே அறைதான், தெரியும். நாங்கள் முன்னறையில் படுத்துக்கொள்வோம், நீங்கள் உள்ளறையை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு வீடு அமைகிற வரைக்கும். உங்களைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளப் பார்க்கிற கிழவனின் தந்திரம் என்று நினைத்தால் நினைத்துக்கொள், அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அது பொய் சொல்லாது. வர முடியவில்லை, அங்கேயே மூன்று வருஷத்துக்குச் சம்மதம் சொல்லப் போகிறாய் என்றால் அதையும் சொல், நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். இரண்டில் எது வேண்டுமானாலும் செய். அந்த வீடு மட்டும் வேண்டாம்.

வேறு எங்கே வீடு பார்த்தாலும் அப்பாவின் புத்தி கெட்ட அனுபவத்தை வைத்துக்கொள். ஒரே கிழமையில் இரண்டு தடவை பார்க்காதே, வேலை நாளில் ஒன்று, மழை பெய்த மறுநாள் ஒன்று. வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் எதிர்வீட்டைப் பார், துணி எங்கே காய்கிறது, பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்களா என்று பார். சொந்த வீட்டுக்காரரிடம் கேட்காதே, சொன்னால் அவர் வீட்டு விலையும் சேர்ந்து விழும், சொல்ல மாட்டார், வாடகைக்கு இருக்கிறவர்களைக் கேள், அவர்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதே, இதை ஒரு பெயிண்டர் சொல்கிறேன். முக்கியமாக, மூக்கு வேலை செய்கிற ஆளை அனுப்பு.

இன்று காலை வேலைக்கு வருகிற வழியில் வாத்தியாரிடம் போனேன். என் பொண்ணுக்கு இந்த வீடு வேணாம் சார் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, உங்க பொண்ணு வேணாம்னு எழுதிக் குடுக்கட்டும் பெயிண்டர், நீங்க சொன்னா அது செல்லாது, வாங்குறது அவங்க என்றார். சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன், வழியெல்லாம் வசனம் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கொட்டகைய ஏன் சார் மறைச்சீங்க, ஆஸ்துமா இருக்கிற குழந்த வரப்போவுதுன்னு நான் சொன்னேனே என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் இருமினார். அப்புறம் சொன்னார், நானும் ஞாயித்துக்கிழமதான் பாத்து வாங்குனேன். பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரி மூச்சு முட்டுதுன்னு பொண்ணு வீட்டுக்குப் போயி மூணு வருஷம் ஆச்சு. இத வித்தாத்தான் நான் அங்க போக முடியும். ஞாயித்துக்கிழம வராத ஆளுக்கு நான் எப்பிடி விக்கிறது, நீங்களே சொல்லுங்க. எனக்கு வசனம் எல்லாம் மறந்துபோய்விட்டது. அவரும் யாரோ ஒருத்தருக்கு அப்பாதான். ஆனால் அவருக்காக என் பேரனின் மூச்சைக் கொடுக்க முடியாது. அதனால் நீ கொடுத்துவைத்த அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொள், உன் கையால் வேண்டாம் என்று எழுதி வியாழக்கிழமைக்குள் அவருக்கு அனுப்பு. நீ எழுதாவிட்டால் என்னால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவுதான் என் கை நீளம்.

மாப்பிள்ளைக்கு இதை முழுவதும் படித்துக் காட்டு, நடுவில் சிரிக்காமல் படி. வாண்டுவின் மார்பில் இரண்டு வேளையும் தைலம் தடவு. நீங்கள் மூன்று பேரும் நீண்ட நாள், நல்ல காற்றில், நிறைந்த மூச்சோடு இருக்க வேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் சரி. உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, மறக்காம எழுதிட்டீங்களா என்று இரண்டு தடவை கேட்டாள். வியாழக்கிழமை, கண்ணு. கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை விளையாடாத
உன் அப்பா

பின்குறிப்பு: வாத்தியார் வீட்டில் கடைசியில் என்ன ஆனது என்று நீ கேட்பாய். விறைப்பாக எழுந்து, கதவை வேகமாகத் திறந்து, வெளியே போய்ப் படாரென்று சாத்தினேன். அது குளியலறை. கொஞ்ச நேரம் உள்ளே நின்றேன். அங்கேயும் ஓதம் இல்லை. பிறகு வெளியே வந்து, வரேன் சார் என்றேன். வாங்க பெயிண்டர் என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.